யார் கேட்கிறார்கள்? – டெலிபோன் அக்கா பதில்கள்

வெளியூர் அழைப்பை ஆபரேட்டரே இணைத்துக் கொடுத்த ட்ரங்க் கால் காலத்தில் ஊட்டி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, வீட்டுக்கு வீடு இணையம் வந்த பிறகு ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியை எழுதுகிறார். இப்போது கோத்தகிரியில் வசிக்கிறார். அரசின் கண்காணிப்பு பற்றி மலையிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா, எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்து தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்த குடும்பம். பெரியம்மா மகள் இன்னும் அங்கே அட்டனில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வோம். வெளிநாட்டுப் பேச்சையெல்லாம் க்யூ பிராஞ்ச் என்கிற உளவுப் போலீஸ் கேட்கும், அப்புறம் வீட்டுக்கு ஆள் வரும் என்று எங்கள் லைன் வீடுகளில் சொன்னார்கள். பயத்தில் நிறுத்திவிட்டேன். உண்மையா?
– வாசகி, கூடலூர்

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. வருகிற ஞாயிற்றுக்கிழமையே கூப்பிட்டுப் பேசுங்கள்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் பேசுவது உங்கள் போனிலேயே பூட்டப்பட்டுவிடுகிறது. அந்தப் பூட்டு அட்டனில் உங்கள் அக்கா கையில் இருக்கும் போனில்தான் திறக்கும். 2016இலிருந்து இப்படித்தான். நடுவழியில் யார் கம்பியில் கை வைத்தாலும் அவர்களுக்குப் பேச்சு கிடைக்காது. வாட்ஸ்அப் நிறுவனமே நினைத்தாலும் கேட்க முடியாது. சாதாரண ஐ.எஸ்.டி. கால் அப்படி இல்லை. அது தொலைபேசி நிறுவனத்தின் வழியாகப் போகிறது, முறையான உத்தரவு இருந்தால் அங்கே வைத்துக் கேட்கலாம்.

பேச்சு பூட்டியிருந்தாலும் பேசிய கணக்கு பூட்டியில்லை. யார் யாரை எப்போது கூப்பிட்டார்கள், எத்தனை நிமிடம், எந்த டவருக்குக் கீழே நின்று பேசினார்கள் என்ற பதிவைத்தான் போலீஸ்காரர்கள் சி.டி.ஆர். என்பார்கள். சாதாரண கால்களுக்கு இதை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிமத்திலேயே நிபந்தனை போட்டுவிட்டார்கள். உங்களுக்கும் எனக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எல்லாருக்கும் இந்தப் பதிவு இருக்கிறது. இருப்பதாலேயே யாரோ உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று ஆகாது. ஒரு வழக்கு விசாரணை வந்தால் எடுப்பார்கள். அட்டனில் இருக்கும் சொந்தத்தோடு பேசுவது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை.

உங்கள் லைன் வீடுகளில் இந்தப் பயம் ஏன் இன்னும் போகவில்லை என்று எனக்குப் புரிகிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்த குடும்பங்களுக்குக் கடல் தாண்டிச் சொந்தம் இருப்பதே சந்தேகத்துக்குக் காரணமாக இருந்த வருடங்கள் உண்டு. உங்களைப் போன்றவர்களின் கால்களை நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். ட்ரங்க் போர்டில் இரண்டு பக்கமும் இணைப்பு வயரைச் செருகிவிட்டு, பேச்சு ஓடுகிறதா என்று பார்க்கச் சாவி என்கிற சுவிட்சைத் தள்ளி ஒரு நொடி காது கொடுப்போம். "மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா?" என்று கேட்பதும் அதே சாவியைத் தள்ளித்தான். சாவுச் செய்தி, பிள்ளை பிறந்த செய்தி, நிலத்தகராறு எல்லாம் காதில் விழும். வெளியே வாயைத் திறந்தால் 1885ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. அந்தப் பயம் எங்களுக்கு இருந்தது.

அப்போது இன்னொன்றும் இருந்தது. ஒருவர் பேசுவதை முழுக்கக் கேட்க வேண்டுமானால் ஒரு ஆள் அந்த நேரம் முழுக்க அங்கே உட்கார வேண்டும். ஊர் முழுக்கக் கேட்க ஊர் அளவுக்கு ஆள் வேண்டும். அந்தச் சிரமமே மக்களுக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது. இப்போது பதிவு செய்வதற்கு ஆளே வேண்டாம். இயந்திரம் தூங்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. சிரமம் போய்விட்ட இடத்தில் சட்டம் முன்பைவிடக் கறாராக நிற்க வேண்டும். இந்த இதழில் வந்த மற்றக் கேள்விகளுக்கும் இதை மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

ஒட்டுக்கேட்க யார் கையெழுத்துப் போட வேண்டும்? நீதிபதியா, போலீஸ் அதிகாரியா? எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வழக்கறிஞர் ஒருவரின் குமாஸ்தா, உதகை

நீதிபதி இல்லை சார். இந்தியாவில் ஒட்டுக்கேட்பு உத்தரவில் எந்த நீதிபதியின் கையெழுத்தும் கிடையாது. மத்திய அரசு என்றால் உள்துறைச் செயலாளர், மாநிலம் என்றால் மாநில உள்துறைச் செயலாளர். அவசரம் என்றால் போலீஸ் ஐ.ஜி. நிலையில் உள்ள அதிகாரிகூட ஆரம்பிக்கலாம், ஏழு வேலை நாளுக்குள் மேலே ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டிக்கலாம், மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது.

இந்த அளவுகூட அரசு தானாக முன்வந்து தந்ததில்லை. தந்திச் சட்டம் வெள்ளைக்காரன் 1885இல் போட்டது. ஒட்டுக்கேட்கலாம் என்று எழுதினானே தவிர எப்படி என்று நடைமுறை எழுதவில்லை. சுதந்திரம் வந்து ஐம்பது வருடம் ஆகப்போகிற நேரத்தில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான் யார் உத்தரவு போட வேண்டும், எத்தனை நாள், யார் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று விதித்தது. அதுதான் 2007இல் 419ஏ என்ற விதியாக வந்தது. இப்போது 2023ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் அந்த இடத்தில் இருக்கின்றன. சாரம் பெரிதாக மாறவில்லை.

மறு ஆய்வுக் குழு என்று ஒன்று உண்டு என்பார்கள். அதில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் செயலாளர்களும். ஒரு செயலாளர் போட்ட உத்தரவை இன்னும் மூன்று செயலாளர்கள் பார்க்கிறார்கள். நீதிபதி பி.என்.ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018இல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறு ஆய்வுக் குழு ஒரே கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒவ்வொரு தாளையும் புரட்டத்தான் நேரம் இருக்கும், படிக்க இருக்காது. எனக்கு இதைவிடக் கவலை தந்த வரி அந்த அறிக்கையில் வேறு இல்லை.

இன்னொன்றை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். போன் பேச்சைக் கேட்பதற்கு 'பொது அவசர நிலை' அல்லது 'பொதுப் பாதுகாப்பு' என்ற நிபந்தனை சட்டத்திலேயே இருக்கிறது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த நிபந்தனையைப் பிடித்துத்தான் ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒரு லஞ்ச வழக்கில் 2011இல் மத்திய உள்துறை போட்ட உத்தரவை ரத்து செய்தார். குற்றம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டும் போதாது, கேட்டுப் பதிந்ததை மறு ஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் தில்லி உயர் நீதிமன்றம், ஊழல் பொதுப் பாதுகாப்பையே பாதிக்கும் என்று வேறுவிதமாகச் சொல்லியிருந்தது. எனக்குச் சென்னைத் தீர்ப்புதான் சரி. லஞ்சம் வாங்கியவரைப் பிடிக்க வேறு வழிகள் இருக்கின்றன.

ஆனால் இணையத்துக்கு வந்தால் கதவு அகலமாகிவிடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் அந்த நிபந்தனை கிடையாது. 'எந்தக் குற்றத்தின் விசாரணைக்காகவும்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பூட்டைத் திறந்து கொடுக்க மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பரில் பத்து அமைப்புகளுக்கு இந்த அதிகாரம் உண்டு என்று பட்டியலும் வெளியிட்டார்கள். நம் வாழ்க்கை முழுக்க போனிலிருந்து இணையத்துக்கு நகர்ந்துவிட்ட பிறகு, காவல் குறைவான பக்கத்தில்தான் நாம் குடியிருக்கிறோம்.

முன்பெல்லாம் உத்தரவு தாளில் வரும். தொலைபேசி நிறுவனத்தில் ஒரு பொறுப்பு அதிகாரி அதைப் படித்துப் பார்த்துத்தான் இணைப்புக் கொடுப்பார். கையெழுத்து சரியில்லை என்றால் திருப்பி அனுப்பவும் முடியும். மத்தியக் கண்காணிப்பு அமைப்பு என்று ஒன்றை உருவாக்கிய பிறகு நிறுவனத்து ஆள் கை படாமலே இணைப்பை எடுத்துக்கொள்ளலாம். துறையில் இருந்தவள் என்ற முறையில் எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. உத்தரவைப் படிக்கும் கடைசி மனிதரையும் நடுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மும்பை சி.பி.ஐ. என்று வீடியோ காலில் வந்தார்கள். என் ஆதாரில் சிம் வாங்கி யாரோ குற்றம் செய்திருக்கிறார்களாம். "உங்கள் போன், பேங்க் எல்லாம் எங்கள் கண்காணிப்பில் இருக்கிறது, கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாது" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பையன் வந்ததால் பணம் போகவில்லை.
– ஓய்வு பெற்ற ஆசிரியை, குன்னூர்

டீச்சரம்மா, அந்தப் பையனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம் சட்டத்தில் ஒன்றும் இல்லை. எந்த போலீஸும் வீடியோவில் கைது செய்யாது, விசாரணைக்காகப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. இனி வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலேயே பார்க்கலாம், உங்களுடையது இல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். (அதே சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதிய போனிலும் கட்டாயம் ஏற்றி விற்க வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் உத்தரவு போட்டு, எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் முதல் வாரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இணையதளம் பயனுள்ளது. கட்டாயம் என்பதைத்தான் மக்கள் எதிர்த்தார்கள். சரியாகவே எதிர்த்தார்கள்.)

அந்தத் திருடர்களின் மூலதனமே, அரசு எப்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நம் நம்பிக்கைதான். யார் எந்த விதியின்படி பார்க்கலாம் என்று தெரியாத ஊரில், பார்க்கிறேன் என்று சொல்கிறவன் சொல்லெல்லாம் செல்லுபடியாகிவிடும். படித்த, நேர்மையான மனிதர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள்.

நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். தப்பு எதுவும் செய்வதில்லை. என் போனை யார் பார்த்தால் எனக்கென்ன? தீவிரவாதியைப் பிடிக்கட்டுமே.
– வாசகர், கொடைக்கானல்

தீவிரவாதியைப் பிடிக்கட்டும் தம்பி. சந்தேகம் உள்ளவர் மேல் உத்தரவு போட்டு, காரணம் எழுதி, அவர் பேச்சைக் கேட்கட்டும். எல்லாருடைய கணக்கையும் சேர்த்து வைப்பது வேறு வேலை. 2013இல், அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த கோப்புகளில் முதலில் வந்ததே அதுதான்: அமெரிக்காவில் ஒரு பெரிய தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் யார் யாரோடு பேசினார்கள் என்ற பதிவை மொத்தமாக அரசு வாங்கிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்த பிறகு ஊர் பேசியது, 2015இல் அவர்கள் நாடாளுமன்றமே சட்டம் போட்டு அந்த மொத்தச் சேகரிப்பை நிறுத்தியது.

உங்களுக்கென்ன என்று கேட்டீர்கள். உங்கள் வேனில் ஒருநாள் ஒரு பெண்ணும் பையனும் ஏறி வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். வேறு வேறு சாதி, வீட்டில் சொல்லாமல் கிளம்பியிருக்கிறார்கள். பெண்ணின் மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் டவர் விவரத்தைப் பார்க்கும் இடத்தில் இருக்கிறார். அந்தப் பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று இரவுக்குள் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இது வெறும் கற்பனை பயமும் இல்லை, சி.டி.ஆர். விவரங்களைத் திருட்டுத்தனமாக வாங்கி விற்றதாக 2018இல் மகாராஷ்டிராவில் இருக்கும் தானே நகரத்துப் போலீஸ் தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது. சேர்த்து வைத்த விவரம் ஒருநாள் கைமாறும். தப்புச் செய்யாதவர்களுக்குத்தான் அப்போது ஆபத்து அதிகம், அவர்கள் ஒளிந்துகொள்ளத் தெரியாதவர்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்ட கே.எஸ்.புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், வழக்குப் போட்டபோதே எண்பது வயதைத் தாண்டியவர். அவருக்கு மறைக்க ஏதும் இருந்ததா? உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான் அந்த மனிதர் நீதிமன்றப் படி ஏறினார்.

ஹோம்ஸ்டே நடத்துகிறேன். விருந்தினர் எல்லாரிடமும் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைக்கிறோம். அதோடு இப்போது இ-பாஸ் வேறு. இத்தனை விவரம் எதற்கு என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள்.
– வாசகி, கொடைக்கானல்

இ-பாஸ் வேண்டிய ஒன்றுதான் என்பேன். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று கணக்கெடுக்கத்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அதைக் கொண்டுவந்தது. ஆனால் கணக்கெடுக்க எண்ணிக்கை போதும். யார், எந்த எண், எங்கே தங்குகிறார் என்பது எத்தனை காலம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று பாஸ் எடுக்கும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சண்டைக்கு வருகிற விருந்தினர் கேட்பது நியாயமான கேள்விதான்.

உங்கள் கையில் இருப்பது அந்த ஜெராக்ஸ் கட்டு. கோத்தகிரி சந்தையில் மிளகாய் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளை நான் பிரித்துப் பார்த்தேன். ஒரு முழு ஆதார் நகல். படம், பிறந்த தேதி, மதுரையில் ஒரு தெருவின் கதவு எண், எண்ணெய்க் கறைக்கு நடுவே பன்னிரண்டு இலக்கமும் தெளிவாக. அந்தத் தம்பி எந்த லாட்ஜில் தங்கினாரோ. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

அடையாளத்துக்கு ஆதார்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதார்தான் தருகிறார் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை வாங்குங்கள், அதை அவரே இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் படமாக வாங்கி வைக்காதீர்கள். வைக்க வேண்டிய காலம் முடிந்ததும் கிழித்து எரித்துவிடுங்கள், பழைய பேப்பர்காரரிடம் போடக் கூடாது. 2023ஆம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் போன்ற சிறு தொழிலையும் பொறுப்பாக்குகிறது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில், விரும்பிய அரசு அமைப்புக்கு விலக்குக் கொடுக்க மத்திய அரசு தனக்கே வழி வைத்துக்கொண்டது. ஹோம்ஸ்டேக்கு ஒரு நியாயம், அரசுக்கு ஒரு நியாயம். இதை நான் ஏற்கவில்லை.

இன்காக்னிட்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாதுதானே? வி.பி.என். போடலாமா?
– கல்லூரி மாணவர், உதகை

பார்த்ததைப் போனில் பதிந்து வைக்காத இன்காக்னிட்டோ, உன் போனை அடுத்து எடுப்பவரிடமிருந்து மறைக்கும், அவ்வளவுதான் தம்பி. எந்தத் தளத்துக்குப் போனாய் என்று இணைய நிறுவனத்துக்குத் தெரியும். முகவரியில் பூட்டு இருந்தால் அந்தத் தளத்துக்குள் எந்தப் பக்கத்தைப் படித்தாய் என்பது தெரியாது. வி.பி.என். என்பது நீ பார்ப்பதை இன்னொரு நிறுவனத்தின் வழியாகச் சுற்றி அனுப்புவது. அதைப் போட்டால் உன் இணைய நிறுவனத்துக்குத் தெரிந்தது வி.பி.என். நிறுவனத்துக்குத் தெரியும், ஆகவே யாரை நம்புகிறாய் என்பதே கேள்வி. இலவசமாகக் கொடுப்பவரை நம்பாதே. வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டதும் பெரிய வி.பி.என். நிறுவனங்கள் சில தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டன. வி.பி.என். பயன்படுத்துவது இங்கே குற்றம் இல்லை. அதைவிட முதலில் செய்ய வேண்டியது: போனுக்கு வரும் அப்டேட்டைத் தள்ளிப் போடாதே, வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனிப் பூட்டுப் போடு. பேச்சைப் பூட்டிவிட்டு அதன் நகலைத் திறந்து வைப்பவர்கள்தான் அதிகம்.

எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) வாட்ஸ்அப் குழுவில் பச்சைத் தேயிலை விலை பற்றி எழுதுவேன். எந்த ஃபேக்டரி என்ன விலை போட்டது, அறிவித்த விலைக்கும் கையில் வந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று. போராட்டம் பற்றியும் எழுதினேன். "அப்பா, போலீஸ் எல்லாக் குழுவையும் பார்க்கிறது, என் வேலைக்கு வெரிஃபிகேஷன் வரும், நிறுத்துங்கள்" என்கிறான் மகன். நிறுத்திவிட்டேன். மனசு கேட்கவில்லை.
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி வட்டம்

ஐயா, இந்தக் கடிதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருவரும் உங்களைத் தடுக்கவில்லை, நோட்டீஸ் வரவில்லை, போன் வரவில்லை. இருந்தும் எழுதுவது நின்றுவிட்டது. கண்காணிப்பு செய்கிற பெரிய கெடுதல் இதுதான். ஒட்டுக்கேட்காமலே வாயை மூட வைத்துவிடுகிறது. நீங்கள் எழுதாத மாதத்தில் இலைக்கு விலை குறைந்தால், பக்கத்து ஹட்டிக்காரருக்கு எங்கே எவ்வளவு கிடைத்தது என்று தெரியாமலே போய்விடும்.

தம்பியின் கவலையையும் தள்ளிவிட மாட்டேன். குழுவில் போடுவது பூட்டியிருந்தாலும், குழுவில் இருக்கும் ஒருவர் படம் பிடித்து வெளியே கொடுத்தால் பூட்டுக்கு வேலை இல்லை. இருநூறு பேர் இருக்கும் குழுவை ஊர்க்கூட்டம் என்றே நினைத்து எழுதுங்கள். முகநூலில் எல்லாரும் பார்க்கும்படி போட்டால் அதைப் படிக்கப் போலீஸுக்கு எந்த உத்தரவும் வேண்டாம். ஆனால் இலைக்கு விலை கேட்பதும், அரசைக் குறை சொல்வதும், அமைதியாகப் போராடுவதும் குற்றம் இல்லை. எரிச்சலூட்டும் பதிவு போட்டார் என்றே ஆளைப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கி எறிந்துவிட்டது. இன்னும் அந்தப் பிரிவைச் சொல்லி யாராவது மிரட்டினால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

ஆகவே எழுதுங்கள். உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். விலை, தேதி, எந்த ஃபேக்டரி, கையில் வந்த தொகை என்று உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் போடுங்கள். காதில் விழுந்ததை, வேறு ஊர் வீடியோவை முன்னே தள்ளாதீர்கள், வழக்கு வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான். தம்பியிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். அப்புறம், எடைச் சீட்டைப் படம் எடுத்துப் போடும்போது அதில் வங்கிக் கணக்கு எண் இருந்தால் அதை மட்டும் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.